தராசு பிடித்த கையைத் தடுப்பவர் யார்?

சேக்காட்டிலிருந்து நடந்து சென்று இந்துக் கல்லூரி ரயில் நிலையத்தில் வண்டி ஏறுவோர்க்கு இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே சென்றால், சென்னைக் கடற்கரை நிலையம். அங்கிருந்து நடக்கும் தொலைவில், செந்நிறச் சுவர்களும் மாடக் கோபுரங்களும் கொண்டு 1892 முதல் நிற்கிறது உயர்நீதிமன்றம். மேற்கே சென்றால், திருவள்ளூர், அரக்கோணம் கடந்து திருத்தணி. அந்தத் திருத்தணி வட்டத்திலே காவேரிராஜபுரம் என்றொரு சிற்றூர். இருப்புப்பாதையின் ஒரு புறம் நீதி வழங்கும் மாளிகை. மறுபுறம், அந்த மாளிகையில் ஆண்டுகள் பல வீற்றிருந்த ஒருவர் பொதுநிலத்தை வளைத்துக்கொண்டார் என்று புகார் எழுந்த மண்.

இந்த இரண்டுக்கும் இடையே வாழ்கிறோம் நாம். ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கேள்வியை எழுப்புகிறோம். ஊரார் தவறு செய்தால் நீதிபதி கேட்கிறார். நீதிபதி தவறு செய்தால் கேட்பவர் யார்? கேட்டபின், அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கவேண்டும்?

"இது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, நமக்கென்ன?" என்று கேட்கும் நண்பருக்கு முதலில் விடை சொல்வோம்.

ஆவடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிக்கரைப் புறம்போக்கிலே குடிசை போட்டு வாழும் ஏழை ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு 2007 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி அறிவிப்பு வருகிறது. சில வாரங்கள் கெடு. பின்னர் இயந்திரம் வருகிறது, கூரை விழுகிறது, சட்டி பானைகள் தெருவுக்கு வருகின்றன. நீர்நிலை காக்கப்பட வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. சட்டம் வேகமாக ஓடட்டும். ஆனால் அந்தச் சட்டம் கூரைவீட்டை நோக்கி ஓடும்போது குதிரையாகவும், நீதிபதியின் வேலியை நோக்கி நகரும்போது நத்தையாகவும் இருப்பதேன் என்பதுதான் நமது கேள்வி.

காவேரிராஜபுரத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். நீதிபதி பி.டி. தினகரன் 1996 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தவர். 2008 இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். 2009 இல் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தலாம் என்று மூத்த நீதிபதிகளின் குழுவே பரிந்துரைத்தது. அப்போதுதான் சென்னை வழக்கறிஞர்கள் எழுந்தார்கள். காவேரிராஜபுரத்தில் அரசு நிலமும் ஊர்ப் பொதுநிலமும் அவருடைய வேலிக்குள் அடைபட்டிருக்கின்றன என்று மனு எழுதினார்கள். ஏறத்தாழ 200 ஏக்கர் என்பது, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அனுப்பிய அறிக்கையைப் பற்றி அந்நாளில் செய்தித்தாள்கள் வெளியிட்ட கணக்கு. தினகரன் மறுத்தார், தம்மீது வீண்பழி சுமத்துகிறார்கள் என்றார். தாழ்த்தப்பட்ட குலத்திலிருந்து உயர்ந்த ஒருவரை வீழ்த்தும் சூழ்ச்சி இது என்று கருதியவர்களும் இருந்தார்கள்.

யார் சொல்வது மெய்? அதைத்தான் நாடு அறிய விரும்பியது. 2009 டிசம்பரில் மாநிலங்கள் அவை உறுப்பினர்கள் 75 பேர் கையொப்பமிட்டு, பதவிநீக்கத் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள். அவைத்தலைவர் ஏற்றார். 2010 ஜனவரியில் மூவர் குழு அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தினகரன் சிக்கிம் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டார். பெங்களூருக்கு ஆகாதவர் காங்டாக்குக்கு ஆவாரா? சிக்கிம் மக்கள் செய்த பாவம் என்ன? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் விடை சொன்னதில்லை. 2011 மார்ச்சில் குழு குற்றச்சாட்டுப் பட்டியலை அனுப்பியது. குழுவில் இருந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் முன்னமே தமக்கு எதிராகப் பேசியவர் என்று நீதிபதி வழக்காடினார். உச்ச நீதிமன்றம் அவரை மாற்றச் சொன்னது. 2011 ஜூலைத் திங்களின் இறுதியில் தினகரன் பதவி விலகல் கடிதம் எழுதினார்.

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது என்று சொல்வதற்கில்லை. செத்துப்போயிற்று என்றே சொல்லவேண்டும். குற்றம் செய்தாரா? தெரியாது. செய்யவில்லையா? அதுவும் தெரியாது. குற்றவாளியாக இருந்திருந்தால் ஊருக்கு நீதி கிடைக்கவில்லை. குற்றமற்றவராக இருந்திருந்தால் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. நீதிபதியைப் பற்றிய வழக்கிலே இரண்டு தரப்புக்கும் நீதி இல்லை என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

இங்கே ஒரு விந்தையையும் கவனியுங்கள். பதவிநீக்கத் தீர்மானம் ஏற்கப்பட்டபின் மக்கள் அவையே கலைந்துபோனாலும் அந்தத் தீர்மானம் அழியாது என்று 1991 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கான மக்கள் தேர்ந்தெடுத்த சபை கலைந்தாலும் விசாரணை உயிரோடிருக்குமாம். ஆனால் நீதிபதி ஒருவர் ஒற்றை வரியில் "விலகுகிறேன்" என்று எழுதிவிட்டால் அது அந்த நிமிடமே உயிரை விடுமாம்! 2011 இல் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் செய்ததும் அதுதான். மாநிலங்கள் அவை 189 வாக்குகளோடு அவரை நீக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்கள் அவை அதை எடுத்துக்கொள்ளும் முன்னர் அவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். கதவு மூடப்படுமுன் சன்னல் வழியே வெளியேறுவதற்கு நமது சட்டமே ஏணி வைத்துக் கொடுக்கிறது.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? உச்ச நீதிமன்ற நீதிபதியை நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தைக்காகவோ இயலாமைக்காகவோ மட்டுமே நீக்கலாம் என்கிறது 124 ஆம் விதி. உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதுவே நெறி. ஒவ்வொரு சபையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1968 ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்கள் அவையில் 100 பேர், அல்லது மாநிலங்கள் அவையில் 50 பேர் கையொப்பமிட வேண்டும், சபைத்தலைவர் ஏற்கவேண்டும், உச்ச நீதிமன்ற நீதிபதி, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி, சட்ட அறிஞர் ஆகிய மூவர் குழு விசாரிக்கவேண்டும். குழு குற்றமற்றவர் என்றால் அத்துடன் முடிந்தது. குற்றம் உண்டு என்றால் மட்டுமே சபைகள் வாக்களிக்கும்.

உயரமான மதில்தான். அதைக் கட்டியவர்களை நாம் குறைகூற மாட்டோம். மதில் ஏன் வேண்டும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. இங்கிலாந்திலே ஸ்டூவர்ட் மன்னர்கள் தமக்கு உவப்பில்லாத தீர்ப்பு எழுதிய நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முடிவு கட்டவே 1701 ஆம் ஆண்டுச் சட்டம், நன்னடத்தை உள்ளவரை நீதிபதிக்குப் பதவி உண்டு, நீக்க வேண்டுமாயின் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கேட்கவேண்டும் என்று வகுத்தது. அதன்பின் அந்த முறைப்படி நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர். நீதிமன்றப் பணத்தைக் கையாடிய அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன், 1830 இல்.

நம் நாட்டில் மதிலைத் தாண்ட முடியாத ஆட்சியாளர்கள் சுற்றி வந்த கதையும் உண்டு. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றமும் தகர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உடனேயே, அந்தத் தீர்ப்பை ஆதரித்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்தவர்களைத் தாண்டி, மாறுபட்ட ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையின்போது, 1976 இல், உயர்நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் ஊர் ஊராக மாற்றப்பட்டார்கள். சிறையில் அடைபட்டவனுக்கு உயிருரிமையும் இல்லையா என்று கேட்டுத் தனித்து நின்ற எச்.ஆர். கன்னா, 1977 இல் தலைமைப் பதவி மறுக்கப்பட்டார், பதவி துறந்தார். ஒருவரையும் நீக்கவில்லை! நீக்காமலே நீக்கும் வித்தை அது. ஆட்சியாளரின் கையில் நீக்கும் அதிகாரமும் நேரடியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, "நியமிப்பது சர்க்கார், நீக்குவதும் சர்க்காராக இருக்கட்டும்" என்று கூறுவோரை முதலிலேயே வாசலில் நிறுத்துகிறோம். நாட்டிலே மிகப் பெரிய வழக்காளி சர்க்கார்தான். வழக்காளியின் கையில் நீதிபதியின் பிடரியைக் கொடுப்பது நீதியாகுமா?

"அப்படியானால் பாராளுமன்றம் ஒன்றே போதும், மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு மேல் என்ன இருக்கிறது?" என்பார் மற்றொருவர். அவரைக் கடல்கடந்து அழைத்துச் செல்வோம். நம் உடன்பிறப்புகள் வாழும் இலங்கைக்கு.

2012 இல் இலங்கை சர்க்கார் "திவிநெகும" என்றொரு மசோதாவைக் கொண்டுவந்தது. மாகாணங்களின் அதிகாரத்தில் கைவைக்கும் அந்த மசோதாவுக்கு மாகாண சபைகளின் இசைவு வேண்டும் என்றது, தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க தலைமையில் இருந்த உச்ச நீதிமன்றம். தமிழர் வாழும் வட மாகாணத்துக்கு அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே கிடையாது. ஆளுநர் தலையசைத்தால் அது மக்களின் இசைவாகாது என்றும் கூறப்பட்டது. அதே நாட்களில், ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் 117 பேர் தலைமை நீதிபதிமீது 14 குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். விசாரித்தது யார்? பாராளுமன்றத் தெரிவுக்குழு: ஆளுங்கட்சியினர் 7 பேர், எதிர்க்கட்சியினர் 4 பேர். குற்றம் சாட்டியவர்களின் கட்சியே தீர்ப்பு எழுதும் ஆசனத்திலும் அமர்ந்தது. தலைமை நீதிபதி வெளியேறினார், இரா. சம்பந்தன் உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் நால்வரும் வெளியேறினார்கள். எஞ்சிய எழுவரும் குற்றவாளி என்றார்கள். இந்த விசாரணை சட்டப்படி செல்லாது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கூறியும், 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் ராஜபக்ச நீக்க ஆணையில் ஒப்பமிட்டார்.

ஈராண்டு சென்றது. ஆட்சி மாறியது. 2015 ஜனவரியில் அந்த நீக்கமே செல்லாது என்றார்கள். பண்டாரநாயக்க மீண்டும் வந்தார், ஓய்வு பெற்றார். அவரையடுத்து தமிழரான க. சிறீபவன் தலைமை நீதிபதியானார். நல்லது நடந்தது என்று மகிழலாமா? ஓர் ஆட்சியில் செல்லும் நீக்கம் மறு ஆட்சியில் செல்லாது என்றால், அந்த நாற்காலி தேர்தல் காற்றில் ஆடும் நாற்காலி என்றல்லவா பொருள்? பெரும்பான்மை ஒன்றே போதும் என்போர், அந்தப் பெரும்பான்மை தம்மிடம் என்றும் இருக்கும் என்று கனவு காண்பவர்கள். சிறுபான்மையாய் வாழ்ந்து வடுப்பட்ட தமிழன் அந்தக் கனவைக் காண மாட்டான்.

மூன்றாமவர் வருகிறார்: "அரசியல்வாதிகளே வேண்டாம். நீதிபதிகளை நீதிபதிகளே நீக்கட்டும்." கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. தமிழர் பலர் குடியேறி வாழும் மலேசியாவைப் பாருங்கள். அங்கே பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக் கிடையாது. நீதிபதிகள் கொண்ட விசாரணை மன்றமே பரிந்துரைக்கும். 1988 இல் பிரதமர் மகாதீருக்கும் நீதிமன்றத்துக்கும் பிணக்கு மூண்டது. தலைமை நீதிபதி சாலே அபாஸ்மீது மன்றம் அமைந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? அடுத்து அந்த நாற்காலிக்கு வரவேண்டிய ஹமீத் ஒமார்! சாலே அபாஸ் நீக்கப்பட்டார். ஹமீத் ஒமார் அமர்ந்தார். மேலும் இரு நீதிபதிகளும் வீடு சென்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2008 இல், அவர்களுக்கு சர்க்கார் பணம் கொடுத்து ஆறுதல் கூறியது. கறுப்பு அங்கி அணிந்தவர்களே கூடியிருந்தாலும், அவர்களைப் பொறுக்கியெடுத்த கை ஆட்சியாளரின் கையாக இருந்தால், விளைவு என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் நீதிபதிகள் தமக்குள் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். 1999 முதல் இயங்கும் உள்விசாரணை முறை. மூடிய அறையில் விசாரணை. மூடிய உறையில் அறிக்கை. குற்றம் என்று கண்டாலும் "விலகுங்கள்" என்று கேட்கலாம், வேலை கொடுக்காதிருக்கலாம், நீக்க முடியாது. 1991 இல் முன்னாள் சென்னைத் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில், நீதிபதியும் லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியரே என்று கூறிய உச்ச நீதிமன்றம், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து கொள்ளாமல் குற்ற வழக்கே பதியக்கூடாது என்றும் சேர்த்துக் கூறியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டினார்கள்.

2017 இல் நடந்ததை நினைவூட்டுவோம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சி.எஸ். கர்ணன் சக நீதிபதிகள்மீது ஊழல் புகார் கூறினார். உச்ச நீதிமன்றத்தோடு மோதினார். ஏழு நீதிபதிகள் அமர்ந்து, நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அவருடைய செயல்களை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் நீக்கும் அதிகாரம் தமக்கு இல்லாதபோது, சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை எடுத்து நீட்டுவது முறையா? தச்சனிடம் உளி இல்லை என்பதற்காகக் கோடரியால் மரப்பாச்சி செதுக்குவதா?

சர்க்கார் கூடாது, சபை தனித்துக் கூடாது, நீதிபதிகள் தனித்துக் கூடாது. இந்தியாவின் முறை மூன்றையும் கலந்ததுதானே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு 1993 மே 11 சான்று.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் நீதிபதி வி. ராமசாமி. பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அரசு இல்லத்துக்கும் அலுவலகத்துக்கும் பொருள்கள் வாங்கியதில் பொதுப்பணத்தை முறைகேடாகச் செலவிட்டார் என்பது புகார். 1991 இல் 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்டார்கள். மூவர் குழு முறைப்படி விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பட்டதாகக் கூறியது. சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதிக்காகக் கபில் சிபல் சபையின் முன் நின்று மணிக்கணக்கில் வாதாடினார். பின்னர் வாக்கெடுப்பு. ஆதரவாக 196. எதிராக? ஒன்றுகூட இல்லை! நீதிபதி குற்றமற்றவர் என்று கூற ஒரு வாய்கூட அந்த மன்றத்தில் இல்லை. ஆயினும் தீர்மானம் தோற்றது. ஏன்? 205 உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்தார்கள். அன்று ஆண்ட காங்கிரஸ் கட்சி ஒதுங்கிக்கொண்டது. தோழமைக் கட்சிகள் உடன் ஒதுங்கின.

எதிர்த்தார்களா? இல்லை. ஆதரித்தார்களா? அதுவும் இல்லை. அமர்ந்திருந்தார்கள்! மக்கள் அனுப்பியது அமர்ந்திருப்பதற்கா? ஊர்ப் பஞ்சாயத்திலே சாட்சி சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவனை ஊர் மதிக்குமா? "தெற்கத்தியார் ஒருவரை வடக்கத்தியார் பழிவாங்குகிறார்கள்" என்ற பேச்சும் அன்று எழுந்தது. தெற்கின் உரிமைக்குக் குரல் கொடுப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் தெற்கின் மானம் ஒரு நீதிபதியின் நாற்காலி, கம்பளக் கணக்கிலா தொங்குகிறது? குழு கூறிய 11 குற்றங்களுக்கு விடை சொல்லமுடியாதபோது மொழியையும் திசையையும் கேடயமாகப் பிடிப்பது, அந்த மொழிக்கும் திசைக்குமே இழுக்கு.

இந்த இடத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வியைச் சொல்லவேண்டும். "ஐயா, நான் ஒரு கருவியைத் தொலைத்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறது. விளக்கம் எழுதுகிறேன். விசாரணை அதிகாரி வருகிறார். சாட்சிகளைக் கேட்கிறார். தண்டனை உண்டு, அல்லது விடுதலை உண்டு. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி நீக்கம் என்று படிகள் உண்டு. நீதிபதிக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லாமை, அல்லது பதவி நீக்கம் என்று இரண்டே படி?" நெஞ்சைத் தொட்ட கேள்வி. உச்சியில் தூக்குமரம் ஒன்றை மட்டும் நட்டுவிட்டு, கீழே தடி ஒன்றும் வைக்காவிட்டால், எவனும் தண்டிக்கப்படமாட்டான் என்பது பாமரனுக்கும் தெரியும்.

குறை சொல்லி நிறுத்துவது நமது வழக்கமன்று. வழியும் சொல்வோம்.

ஊர்க் கோயில் உண்டியலைப் பாருங்கள். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு கைகள். ஒருவர் தனித்துத் திறக்க முடியாது; ஒருவர் தனித்துக் களவாடவும் முடியாது. நீதிபதியை நீக்கும் அதிகாரமும் அப்படியே இருக்கவேண்டும். குற்றம் உண்டா இல்லையா என்று கண்டறியும் சாவி, கட்சி சாராத விசாரணை மன்றத்திடம். கண்டறிந்தபின் நீக்கும் சாவி, மக்களின் சபைகளிடம். முன்னது இல்லாமல் பின்னது இலங்கை. பின்னது இல்லாமல் முன்னது மலேசியா. இரண்டும் இருந்தும் துருப்பிடித்துக் கிடப்பது இந்தியா. துருவைப் போக்க நாம் கேட்பவை இவை.

முதலாவது: வழக்கு வந்தபின் பொறுக்கியெடுக்கும் குழு வேண்டாம், நிலையான விசாரணை மன்றம் வேண்டும். நீதிபதிகளும், சட்டத்துறை சாராத சான்றோரும், குறித்த ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அமர்த்தப்பட வேண்டும். எந்த நீதிபதிமீது எந்தப் புகார் வரும் என்று தெரியாத நாளிலேயே அமர்த்தப்பட்டவர்கள்மீது "எனக்கென்றே தேர்ந்தெடுத்தார்கள்" என்ற பழி ஒட்டாது.

இரண்டாவது: கெடு வேண்டும். உறுப்பினர் கையொப்பமிட்ட மனுவை ஏற்பதா மறுப்பதா என்று சபைத்தலைவர் 30 நாளில் காரணம் காட்டி எழுதவேண்டும். 2018 இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராமீது தரப்பட்ட மனு மூன்றே நாளில் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அலகாபாத் நீதிபதி சேகர் குமார் யாதவ்மீது 55 உறுப்பினர்கள் தந்த மனு மாதக்கணக்கில் முடிவின்றிக் கிடந்தது. ஒன்று புயல், மற்றொன்று புழுக்கம். ஒரே சட்டத்துக்கு இரண்டு பருவமா?

மூன்றாவது: பதவி விலகல் விசாரணையைக் கொல்லக்கூடாது. விலகியவரை நீக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மை எழுதப்பட்டு வெளியிடப்பட வேண்டும். காவேரிராஜபுரத்து மக்களுக்கு அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

நான்காவது: இடைப்பட்ட தண்டனைகள் வேண்டும். எச்சரிக்கை, கண்டனம், விசாரணை முடியும்வரை பணி ஒதுக்காமை ஆகியன. 2010 ஆம் ஆண்டு நீதித்துறைப் பொறுப்புடைமை மசோதா இதற்கு ஓரளவு வழி காட்டியது. 2012 இல் மக்கள் அவையில் நிறைவேறி, சட்டமாகாமலே மடிந்தது. அதன்மீது கண்ணீர் விட்டவர் யார்? எந்தக் கட்சி?

ஐந்தாவது: வாக்கெடுப்பில் கட்சிக் கட்டளை கூடாது. ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து ஆம் என்றோ இல்லை என்றோ தம் பெயரால் சொல்லவேண்டும். அமர்ந்திருப்போரின் பெயர்களும் அவரவர் தொகுதியில் அச்சடித்து ஒட்டப்படட்டும்.

ஆறாவது, அனைத்திலும் தலையாயது: தீர்ப்பு ஒருபோதும் குற்றமாகக் கருதப்படக்கூடாது. தீர்ப்புத் தவறு என்றால் மேல்முறையீடு உண்டு, மறுஆய்வு உண்டு, சட்டத்தையே திருத்தும் உரிமை உண்டு. நடத்தைக்குத்தான் விசாரணை, கருத்துக்கு அன்று. 1805 இலேயே அமெரிக்கர்கள் இதைக் கற்றார்கள். நீதிபதி சாமுவேல் சேஸ் மாற்றுக் கட்சியின் வெறியர். ஆளுங்கட்சிக்கு அவர்மீது தீராச் சினம். ஆயினும் செனட் சபை அவரை விடுவித்தது. கட்சிச் சினம் குற்றச்சாட்டு ஆகாது என்பது அன்று முதல் அங்கே எழுதா விதியாயிற்று.

"இது நமக்கும் பொருந்துமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பொருந்தும். 2025 டிசம்பரில், திருப்பரங்குன்றத் தீபம் பற்றிய உத்தரவை அடுத்து, மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன்மீது 100க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் மக்கள் அவைத் தலைவரிடம் மனு அளித்தார்கள். தமிழ்நாடே இரண்டுபட்டுப் பேசியது. நாம் கூறுவது ஒன்றே. மனுவில் உள்ளது நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டாயின், அதை நடுநிலை மன்றம் ஆராயட்டும். உத்தரவு கசந்தது என்பது மட்டுமே காரணமாயின், கையொப்பமிட்டவர் நமக்கு எவ்வளவு வேண்டியவராயினும் அந்தக் கையொப்பம் எடுபடக்கூடாது. இன்று நமக்குக் கசக்கும் நீதிபதியை வீழ்த்த நாம் வெட்டும் வழியே, நாளை நமக்குக் காவலாய் நிற்கும் நீதிபதியை வீழ்த்த மாற்றார் வரும் வழி. 1976 இல் ஆட்சி கலைக்கப்பட்ட மாநிலம் இது. விசாரணையின்றிச் சிறையில் வாடியவர்களின் மாநிலம் இது. அச்சமற்ற நீதிபதியின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபணை. "சேற்றைக் கிளறினால் நீதிமன்றத்தின் மதிப்புக் கெடும்" என்கிறார்கள். 2025 மார்ச்சில் டில்லி நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் இல்லத்தில் தீப்பற்றியபோது, எரிந்த நோட்டுக்கட்டுகள் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. அவர் மறுத்தார். அந்த ஆகஸ்டில் மூவர் குழு அமைக்கப்படும்வரை ஐந்து திங்கள் நாடு வதந்தியைத் தின்று வாழ்ந்தது. மதிப்பைக் கெடுத்தது விசாரணையா, விசாரணையின் தாமதமா? மூடி வைத்த பண்டம்தான் ஊசிப்போகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இதே தொண்டை மண்டலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் கல்லிலே வெட்டி வைத்தார்கள்: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்று. பராந்தக சோழன் காலத்துக் குடிமகன் அரசனிடம் போய் அழவில்லை. தானே விதி செய்தான். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ, தன் தீர்ப்புத் தவறியது என்று தெரிந்த அக்கணமே அரியணையிலேயே உயிர் நீத்தான். அவனை நீக்க எந்த மன்றமும் தேவைப்படவில்லை. பாண்டியனைப் போன்றோர் எல்லா நாற்காலியிலும் அமர்வார்கள் என்று நம்பிச் சட்டம் இயற்ற முடியாது. உத்திரமேரூர் அறிவு நமக்கு வேண்டும்.

சேக்காட்டுத் தோழர்களே! அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருவோரிடம், சாலை கேளுங்கள், குடிநீர் கேளுங்கள். இதையும் சேர்த்துக் கேளுங்கள். "நீதிபதியைப் பற்றிய தீர்மானம் சபைக்கு வரும் நாளில், ஐயா, நீர் எழுந்து நிற்பீரா, அமர்ந்திருப்பீரா?" விடை சொல்லத் தயங்குபவர் எக்கட்சியினராயினும், நம் கட்சியினரே ஆயினும், அவரை அமர்ந்திருக்கவே விடுங்கள், அவருடைய வீட்டிலேயே!